இலவசப் பையின் விலை

வடசேரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நண்பர் புலம்பினார். ‘‘வீடு கட்ட 30 லட்சம் லோன் கேட்டேன் அண்ணாச்சி. மூணு மாசத்துல மூணு கிரெடிட் கார்டு எதுக்கு வாங்கினீங்கன்னு கேட்டு, வட்டியில அரை சதவீதம் ஏத்திட்டாங்க!’’

எட்டரை ஒன்பதானால் மாசத் தவணையில் 957 ரூபாய் கூடும். 20 வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள்... ஏறக்குறைய 2.3 லட்சம்!

கார்டுக்கு விண்ணப்பித்த ஒவ்வொரு தடவையும் வங்கி சிபிலைப் புரட்டுகிறது. அந்தப் புரட்டலும் பதிவாகிறது. அடுத்தடுத்துப் பதிவானால், ‘ஆசாமிக்குப் பணமுடை’ என்று அர்த்தம். 300 முதல் 900 வரையிலான மார்க் சரியும். கார்டைத் தேய்க்காமல் பீரோவில் பூட்டி வைத்தாலும் பதிவு பதிவுதான்.

வங்கி சோதிக்கட்டும். அது டெபாசிட் போட்டவன் பணம். ஆனால், கூவிக் கூவிக் கார்டைத் தலையில் கட்டுவதும் வங்கி, வாங்கியவனைச் சந்தேகப்படுவதும் வங்கி என்றால் என்ன நியாயம்? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை!

கேட்காதவருக்குக் கார்டு தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டது. சரி, கேட்க வைத்துக் கொடுத்தால்? ‘இது உங்கள் வீட்டுக் கடனைப் பாதிக்கலாம்’ என்று விண்ணப்பத்தின் தலையில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சடிக்கச் சொல்லுங்கள். சிகரெட் பெட்டியில் போடுகிறார்களே!

அதுவரை, வீட்டுக் கடன் கைக்கு வரும்முன் புதுக் கார்டு பக்கமே போகாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சிபில் அறிக்கை இலவசம். நாமே பார்த்தால் மார்க் குறையாது.

‘‘கார்டுக்கு என்னய்யா இலவசம் கொடுத்தாங்க?’’ என்றேன்.

மடியிலிருந்த பையைக் காட்டினார். உள்ளே லோன் பேப்பர்கள்!