பூங்காவுக்கு நண்பராக இருங்கள்... முதலாளியாக வேண்டாம்!

"தினமும் அரை மணி நேரம் நடங்க!"

என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சூரணத்தோடு சேர்த்து நான் சொல்லும் மருந்து இது. காசு செலவில்லை, கசப்பும் இல்லை. ஆனால், இந்த மருந்தே போன வருஷம் ஒரு அம்மாவுக்கு வினையாகிப் போச்சு.

ரிட்டயரான டீச்சர் அவர். தெருக்கோடியிலேயே பூங்கா இருக்கிறது. இருந்து என்ன புண்ணியம்? நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கிறது. விளக்கு எரிவதில்லை. புதருக்குள் உடைந்த பாட்டில்கள். டீச்சரம்மா மெயின் ரோட்டு ஓரமாக நடந்தார். ஒருநாள் விடியற்காலையில் ஒரு பைக் இடித்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "நீங்க சொன்னபடிதான் டாக்டர் நடந்தேன்..." என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நடக்கச் சொன்னேனே தவிர, 'எங்கேம்மா நடப்பீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். கேட்கக் கேட்கத்தான் ஒன்று புரிந்தது. பூங்காவும் ஒரு மருந்துக்கடைதான். அது பூட்டிக் கிடந்தால் என் சீட்டுக்கு மதிப்பில்லை.

"அதைப் பார்த்துக்க வேண்டியது நகராட்சிதானே? வரி கட்டறோமே!" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஆனால், அவர்கள் வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் சென்ட்ரல் பார்க் என்று 843 ஏக்கர் பூங்கா ஒன்று இருக்கிறது. 1858-ல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இரண்டு பேர் திட்டம் போட்டுக் கொடுத்தது. 1970-களில் நகராட்சியின் கஜானா காலி. புல்வெளி கட்டாந்தரையானது. பெஞ்சுகள் உடைந்தன. இருட்டினால் உள்ளே போகவே ஜனங்கள் பயந்தார்கள். பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி!

1980-ல் எலிசபெத் பார்லோ ரோஜர்ஸ் என்ற பெண்மணியும் இன்னும் சிலரும் சேர்ந்து 'சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். நன்கொடை திரட்டினார்கள். தொண்டர்கள் களை பிடுங்கினார்கள், செடி நட்டார்கள். பிற்பாடு பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். குப்பை கிடந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது அல்லவா? 1998-ல் நகராட்சி முறைப்படி ஒப்பந்தம் போட்டு, பராமரிப்பை அவர்களிடம் ஒப்படைத்தது. நிலம் மட்டும் இன்றும் ஊருக்குத்தான் சொந்தம்.

இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். 2012-ல் ஒரு கோடீஸ்வரர் அந்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் கொடுத்தார். உடனே ஒரு கேள்வி எழுந்தது. 'பணக்காரர்கள் குடியிருக்கும் இடத்துப் பூங்காவுக்கு இவ்வளவு கொட்டுகிறதே, ஏழைகள் வசிக்கும் பகுதியின் பூங்காவுக்கு யார் தருவார்கள்?' என்று. கடைசியில் 2015-ல், வசதியான பூங்கா அமைப்புகள் வசதியற்ற பூங்காக்களுக்கும் கைகொடுக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் ஏற்பாடு செய்தது.

அந்த நோய் நம்மிடமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பூங்காவில் நடைப்பயிற்சி அன்பர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். பளிச்சென்று ஆக்கினார்கள். சபாஷ்! ஆறே மாதத்தில் போர்டு தொங்கியது. 'பந்து விளையாடக் கூடாது', 'பெஞ்சில் படுக்கக் கூடாது'. பகல் முழுக்கக் கதவுக்குப் பூட்டு. வெயிலில் வேலை செய்த சித்தாள் பெண் மத்தியானம் நிழலில் கால் நீட்டக் கூடாதா? பின்னே யாருக்காக அந்த வேப்பமரம்? நோயாளியை வெளியே தள்ளிவிட்டு வைத்தியசாலைக்கு வெள்ளையடிப்பது போல இருக்கிறது!

அதனால்தான் சொல்கிறேன்... சங்கம் வையுங்கள், ஆனால் நண்பராக இருங்கள். பெரிய பணம் வேண்டாம். பத்துப் பேர், வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம். அது போதும்.

முதல் வேலை, தேங்கிய தண்ணீர். டெங்கு கொசு முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்கச் சுமார் 7 முதல் 10 நாள் பிடிக்கும். தேங்காய்ச் சிரட்டை, டீ கப், பழைய டயர் என்று வாரம் ஒருமுறை தேடிப்பிடித்துக் கவிழ்த்தாலே கொசு பெருகுவது குறையும். தொட்டியாக இருந்தால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.

அடுத்தது சருகு. தயவுசெய்து கொளுத்தாதீர்கள்! மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது. மூலையில் குழி வெட்டிப் போடுங்கள், மட்கி எருவாகும்.

ஓரங்களில் ஆடாதோடையும் நொச்சியும் வையுங்கள். ஆடு தொடாது என்பதால்தான் ஆடாதோடைக்கு அந்தப் பெயரே வந்தது என்பார்கள். வேலிக்கு வேலி, மூலிகைக்கு மூலிகை. பெயர்ப்பலகையும் வைக்கலாம். ஆனால், பலகையைப் படித்துவிட்டு நீங்களாகக் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள்.

நகராட்சியையும் விட்டுவிடாதீர்கள். விளக்கும் தண்ணீரும் காவலும் அவர்கள் கடமை. 'அதான் சங்கம் இருக்கே' என்று அவர்கள் நழுவ இடம் கொடுத்தால், நீங்கள் அலுத்துப்போகும் நாளில் பூங்காவும் படுத்துவிடும். மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள், மறுபடி போய் நில்லுங்கள்.

எங்கள் பகுதியில் நாங்கள் எட்டுப் பேர் ஆரம்பித்திருக்கிறோம். நடைபாதையில் பாதியைத்தான் சரிசெய்ய முடிந்திருக்கிறது. விளக்குக்கு இரண்டு மனு கொடுத்தாயிற்று, மூன்றாவது தயார். டீச்சரம்மா இப்போது ஊன்றுகோலோடு முதல் பெஞ்சு வரைக்கும் வருகிறார். "அடுத்த பெஞ்சு வரைக்கும் எப்ப டாக்டர் பாதை போடுவீங்க?" என்று கேட்கிறார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு டீச்சரம்மா இருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துடைப்பத்தோடு கிளம்புங்களேன்!