மடிக்கணினிப் பிராசஸருக்கு ஒரு வக்காலத்து
மடிக்கணினிக்கென்று பிறந்த பிராசஸர் மேசைக் கணினியில் சோபிக்காது என்று நண்பர் தீர்ப்பளித்திருப்பது, பெயரைக் கண்டு குணத்தை நிர்ணயிக்கும் பழைய பிரமையேயன்றி வேறன்று. ஏஎம்டியின் பார்ட்டன் வகை அத்லான் எக்ஸ்பி 2500+ மேசைக்கென்று வரும்போது 1.65 வோல்ட்டில் செய்யும் காரியத்தை, அதே 512 கிலோபைட் கேஷும் அதே சாக்கெட் ஏ அமைப்பும் உடைய அதன் மொபைல் சகோதரன் 1.45 வோல்ட்டிலேயே நிறைவேற்றுகிறானென்றால், அந்த மிச்சமன்றோ ஓவர்கிளாக் செய்பவனுக்கு மூலதனம்? மேலும், 2003-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேசை வகையின் பெருக்கெண்ணைப் பூட்டிவிட்ட நிறுவனம், மொபைலுக்கு அதைத் திறந்தே வைத்தமையால், பஸ் வேகம் 200 மெகாஹெர்ட்ஸை எட்டாத பழைய மதர்போர்டு வைத்திருக்கும் ஏழைக்கும், பெருக்கெண்ணை ஏற்றியே, உயர்வேகம் சாத்தியமாகிறது. சில பலகைகளின் பயாஸ் மொபைல் வகையை அடையாளம் காணாமல் விழிக்கும் என்பது மெய். ஹீட்சிங்க் பொருத்துகையில் மூடியற்ற சில்லின் விளிம்பு உடையக்கூடுமென்று அவர் அஞ்சுவதும் நியாயமே. ஆனால் அவர் சிபாரிசு செய்யும் மேசை வகைக்கும் அந்த மூடி கிடையாதே!