வழிநடை: இஸ்தோப்பில் விரித்த பாய்



இந்தப் பக்கத்தை வாசிப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பஸ் காசை எப்படியும் சேர்த்துவிடலாம். போன இடத்தில் இரவு எங்கே படுப்பது?" என்பதே அது. கணவரை இழந்தவளோ, காணாமல் போனவரைத் தேடித் திரிபவளோ தனியாக ஒரு விடுதிப் படியேறினால், அறைக் காசுக்கு முன்னரே ஆயிரம் கேள்விகள் வந்து நிற்கும். அதனால் எம்மில் பலர் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. காசு கொடுக்காமல் உறவும் ஊரும் தருகின்ற தங்குமிடத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். இடம் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள்.

ஏன் அங்கே என்று சிலர் கேட்கலாம். வன்னியில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் தாய்வழி ஊர். 1977 ஓகஸ்ட், 1981 ஓகஸ்ட், 1983 யூலை என்று அடுத்தடுத்து வந்த வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளே பின்னர் போரிலும் அகப்பட்டார்கள். அவர்களுக்கு இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்பவை அம்மாவின் வாயில் கேட்ட பெயர்கள் மட்டுமே.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது எமக்குப் புதிதல்ல. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பட்டுட்டாவுக்குச் சிவனொளிபாத மலையைப் பார்க்க ஆசை வந்தது. அவருக்குப் பல்லக்கும், வழித்துணைக்கு ஆட்களும், உணவு சுமப்போரும் கொடுத்து அனுப்பியவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலே கூரை போட்டு நிற்கும் தெருமூடி மடத்தை எம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சிங்களக் கிராமங்களில் அதே வேலையைச் செய்வது 'அம்பலம்'. மார்கழிப் போயா முதல் வெசாக் போயா வரை இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாகவும், குருவிட்டையிலிருந்து எரத்னை வழியாகவும் மலையேறுகிறவர்கள் அத்தகைய மடங்களில் இளைப்பாறித்தான் போவார்கள். தொண்டைமானாறு சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கின்ற அடியார்களுக்கும் வழிநெடுகச் சோறும் படுக்க இடமும் கொடுப்பவர்கள் ஊர்ச்சனங்களே.

வெளிநாட்டவர்களும் இதை ஓர் ஒழுங்காகச் செய்கிறார்கள். 'சேர்வாஸ்' என்ற அமைப்பு 1949இல், உலகப்போர் முடிந்த சில வருடங்களில், டென்மார்க்கில் தொடங்கியது. ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டவரின் வீட்டில் தங்கிப் பழகினால் பகை குறையும் என்பது அவர்களின் எண்ணம். 2004இல் இணையத்தின் வழியே வந்த 'கௌச்சேர்பிங்' இளைஞர்களிடம் பரவியது. 2020இல் அதுவும் உறுப்பினரிடம் பணம் கேட்கத் தொடங்கிவிட்டது. இணையத்தில் மட்டும் அறிந்த ஒருவரின் வீட்டுக்கு இரவில் தனியே போகும்படி நான் எந்தச் சகோதரிக்கும் சொல்லமாட்டேன். எமக்கு உறவு, கோயில், சங்கம் என்று வேறு கதவுகள் இருக்கின்றன.

சென்ற பெப்ரவரியில் கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து நாங்கள் நால்வர் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போனோம். எம்மில் ஓர் அக்காவின் தாயார் 1977இல் அங்கிருந்து வந்தவர். அக்காவின் கணவரும் மூத்த மகனும் 2009இல் இல்லாமற் போனார்கள். தாயாரும் பின்னர் காலமானார். மாமாவின் குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று அறிவதே அக்காவின் ஆசை. கையில் விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், பழைய கங்காணி ஒருவரின் பெயர், இவ்வளவும்தான்.

இவை போதுமாக இருந்தன. தோட்டங்களில் விலாசத்தை விட ஆட்களே நல்ல வழிகாட்டிகள். முதலில் மாரியம்மன் கோயிலில் விசாரித்தோம். கோயிலில் இருந்தவர் தொழிற்சங்கத் தலைவரிடம் அனுப்பினார். அவர் பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அரைமணி நேரத்தில் மாமாவின் மகள் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். மாமா உயிரோடு இல்லை. "எங்க அத்தை மகளா? உள்ள வாங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றார். அக்கா அவரை மச்சாள் என்றார். அவரோ, "இங்க மதினின்னுதான் சொல்லுவோம்" என்று சிரித்தார்.

அந்த லயக் காம்பிரா 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் குசினி. அதில் ஐந்து பேர் வாழ்கிறார்கள். நாங்கள் நால்வர் போனதும் மதினியின் கணவரும் மகனும் பாயை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பிராவுக்குப் படுக்கப் போனார்கள். எங்களுக்கு இடம் காசில்லாமல் கிடைத்தது. ஆனால் அவர்களுக்கு அது சும்மா வரவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் என்பது தோட்டத்துப் பழைய கணக்கு. எங்களுக்காக மதினி ஒருநாள் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தால், எங்கள் விடுதிக் காசை அவர் கட்டியதாகவே ஆகும்.

ஆகையால் காலையில் பெரட்டுச் சத்தம் கேட்டவுடன் நாங்களே அவரை வேலைக்கு அனுப்பினோம். பீலியில் தண்ணீர் எடுத்தோம், ரொட்டி சுட்டோம், சின்னவளைப் பாடசாலைக்கு அனுப்பினோம். காசு நீட்டினால் வாங்கமாட்டார்கள், மனமும் நோகும். நாங்கள் கொண்டுபோன பனங்கட்டி, ஒடியல் மா, கருவாடு, அரிசி எல்லாவற்றையும் முகம் மலர வாங்கினார்கள். திரும்பும்போது தேயிலைத்தூள், கொறுக்காய், மிளகு, இரண்டு ஈரப்பலாக்காய் என்று பை நிறைந்தது.

இரவில்தான் உண்மையான பேச்சு வந்தது. மதினி சொன்னார்: "நீங்கள்லாம் வன்னியில காணி பூமியோட நல்லா இருக்கீங்கன்னு நெனச்சோம். கடுதாசி போட்டா விசாரிக்க வருவாங்கன்னு அப்பாவுக்குப் பயம். 81லயும் நாங்க காட்டுக்குள்ள ஒளிஞ்சுதான் தப்பினோம்."

அக்கா சொன்னார்: "அண்ணன் என்னை மறந்துபோனான் எண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவ."

மறக்கவில்லை என்பதற்கு மதினியிடம் ஓர் அத்தாட்சி இருந்தது. மாமா தம் மூத்த பேத்திக்கு வைத்திருந்த பெயர் அக்காவின் தாயாருடையது. அக்கா அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எந்த அலுவலகத்திலும் கொடுக்க முடியாத ஒரு பத்திரத்தை அவர் அன்று பெற்றுக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றியது.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில விடயங்களைச் சொல்லவேண்டும்.

வடக்கிலிருந்து போவோர் ஏ9 வீதியால் கண்டிக்கு வந்து, ஏ1 வீதியால் கேகாலைக்குப் போகலாம். அங்கிருந்து புலத்கொஹுபிட்டிய, கரவனெல்லை வழியாக அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் பஸ் மாறலாம். கிழக்கிலிருந்து வருவோருக்கு மட்டக்களப்பையும் இரத்தினபுரியையும் இணைக்கும் ஏ4 வீதி இருக்கிறது. தோட்டத்துக்குள் போகும் பஸ் நாளுக்குச் சில தடவைகள்தான் ஓடும். பகலிலேயே போய்ச் சேரும்படி புறப்படுங்கள்.

முதற்பயணத்தில் இருவராவது சேர்ந்து போங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நாளையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். வீட்டுப் பெண்களோடு ஒரே அறையில் படுங்கள். மனம் ஒப்பாவிட்டால் நாகரிகம் பார்க்காமல் புறப்பட்டுவிடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119. லயங்கள் தோட்ட நிர்வாகத்துக்கு உரியவை என்பதால், விருந்தினர் வந்திருப்பதைத் தலைவர் மூலம் தெரியப்படுத்துவது வீட்டாருக்கும் நல்லது.

மழைக்காலத்தைத் தவிருங்கள். இரத்தினபுரி நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. 2016 மே மாதத்தில் அரநாயக்கவின் சாமசர மலையும், புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டமும் மண்சரிவில் அகப்பட்டதை மறக்கமுடியாது. மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைப் பின்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கைவசம் இருக்கட்டும்.

இன்னொன்று. போன இடத்தில் அன்பினாலேயே கேட்பார்கள்: "வீட்டுக்காரர் எங்கே? பிள்ளைகள் எத்தனை பேர்?" பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால், "அதைப் பிறகு ஒருநாள் சொல்கிறேன்" என்ற ஒரு வசனத்தை முன்னரே மனதில் வைத்திருங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. விருந்தாளியாகப் போனதற்காக எம் துயரத்தைப் பரிமாற வேண்டியதில்லை. அதுபோல அவர்களுடைய வறுமையைக் கண்டு "ஐயோ பாவம்" என்று சொல்லவும் கூடாது. கைப்பேசியில் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

உறவு எவரும் இல்லாதவர்கள் என்ன செய்வது? உங்கள் ஊர் மாதர் சங்கமும் அங்குள்ள ஒரு தோட்டத்து மாதர் சங்கமும் பேசி, இந்த வருடம் அவர்களில் நால்வர் இங்கு, அடுத்த வருடம் எம்மில் நால்வர் அங்கு என்று மாறி மாறி வரலாம். பஸ் காசு மட்டுமே செலவு. கடலைக் கண்டிராத தோட்டத்துப் பெண்களும், மலையைக் கண்டிராத வன்னிப் பெண்களும் எத்தனை பேர்!

புறப்படும்போது அக்கா மதினியிடம் ஒன்று கேட்டார்: "நீங்கள் எப்ப எங்கட வீட்டுக்கு வாறீங்கள்?" ஓகஸ்ட் லீவில் பிள்ளைகளோடு வருவதாக மதினி சொன்னார். அக்காவின் வீட்டுக்கு ஒரு பக்கச் சுவர் இன்னும் பூசவில்லை. அதனால் என்ன, கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது. பாய் மட்டும் இரண்டு கூடுதலாக வேண்டும் என்று திரும்பி வந்த மறுநாளே வாங்கி வைத்துவிட்டார்.