பின்கட்டில் ஓடும் எக்ஸ்பி



"கஜாவுக்கு முன்னால் எங்கள் தோப்பை அட்டைப்படமாகப் போட்டிருந்தீர்களே, அந்த இதழ் கிடைக்குமா?" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இப்படிக் கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயலில் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்துவிட்டன. அதற்கு முந்தைய ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய படங்கள்தான் கதி. நம்மிடம் கோப்பு பத்திரமாக இருக்கிறது. ஆனால் இன்றைய கணினியில் திறக்க மாட்டேன் என்கிறது.

அந்த இதழ்களெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கட்டியவை, எழுத்துரு பாமினி. பாமினியில் 'அம்மா' என்று அடித்து வைத்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் நிற்கும். உள்ளே இருப்பது உண்மையில் அதுதான். தமிழ் முகத்தைக் கொடுத்தது எழுத்துரு. தமிழ்நாடு அரசே 2010 செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான் ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றது. நம்மைப் போன்ற சிறு அச்சகத்துக்காரர்கள் அதற்கப்புறமும் பாமினியை விடவில்லை. பேஜ்மேக்கரோ 2001-இல் வந்த 7.0-வோடு நின்றுபோனது. அது பழகிய விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைகழுவியது. எக்ஸ்பி ஓடிய நம் பழைய கணினியின் மதர்போர்டும் ஒருநாள் போய்ச் சேர்ந்தது.

இப்போது அலுவலகப் பின்கட்டில் ஒரு கணினி இரவு பகலாக ஓடுகிறது. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. 16 ஜிபி நினைவகம் உள்ள பழைய பெட்டிதான். அதில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டிருக்கிறோம். வியன்னாவில் 2008-இல் பிறந்த இலவச மென்பொருள் அது. ஒரே இரும்பில் பல கணினிகள் இருப்பதாகக் காட்டுவது அதன் வேலை. மெய்நிகர் கணினி என்பார்கள், நம் பையன்கள் 'விஎம்' என்கிறார்கள். வித்தை புதிதல்ல. 1960-களிலேயே ஐபிஎம் தன் பெரிய கணினிகளில் இதைச் செய்துவிட்டது. 2007-இல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே கேவிஎம் சேர்ந்த பிறகு அது வீட்டுக் கணினிக்கும் எளிதாகிவிட்டது.

ஆக, பெட்டிக்குள் ஒரு எக்ஸ்பி. அதற்கு ஒரு ஜிபி நினைவகமே தாராளம். பழைய குறுந்தகட்டிலிருந்து பேஜ்மேக்கரும் பாமினியும் ஏற்றியாயிற்று. என் மேசைக் கணினியில் ஒரு ஜன்னல் திறக்கிறது. அதற்குள் எக்ஸ்பியின் அந்தப் பச்சைப் புல்வெளியும் நீலவானமும். "இவ்வளவு பழசு எப்படித் தம்பி ஓடுது?" என்று இதைக் கட்டிக்கொடுத்த பையனைக் கேட்டேன். "அதுக்குத் தான் பழைய மெஷின்ல இருக்கோம்னு நெனப்பு சார், நாம சொல்லலையே" என்றான். எக்ஸ்பிக்கு இணையம் மட்டும் கிடையாது. பாதுகாப்புத் திருத்தம் வராத ஒன்றை வெளியே விடக்கூடாது. இதழைத் திறந்து, பிடிஎஃப் ஆக்கி, எழுத்தைத் தனியே எடுத்து ஒருங்குறிக்கு மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. பக்கத்தில் லினக்ஸ் ஓடும் இன்னொரு விஎம், படங்களையும் மாற்றிய கோப்புகளையும் வைத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்னாப்ஷாட்'. எதையாவது நோண்டுவதற்கு முன் இப்போதிருக்கும் நிலையைப் பிடித்து வைத்துவிடலாம். கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். தட்டச்சு செய்யும் அக்கா எக்ஸ்பியில் பயமில்லாமல் கைவைப்பது இதனால்தான். ஒரே தொல்லை, சில பழைய தமிழ் மென்பொருள்களோடு திருட்டு நகலைத் தடுக்க வந்த 'லாக்' கட்டை. யூஎஸ்பியில் செருகுவதென்றால் விஎம்முக்குக் கொடுத்துவிடலாம். பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் அந்தக் காலத்துக் கட்டை என்றால் பெரும் பாடு.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று: கணினி எழும்போதே அதற்குரிய பொத்தானைத் தட்டி (பல கணினிகளில் டெலீட்) பயாஸுக்குள் போய், மெய்நிகராக்க வசதி அணைந்திருந்தால் இயக்குங்கள். பலர் முட்டிக்கொள்வது அங்கேதான். மின்சாரத்துக்கும் கணக்குப் போட்டோம். 50 வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மாதத்தில் 72 யூனிட் தின்னும். இனாம் இல்லை.

"இதற்கெல்லாம் இணையத்தில் வாடகைக்கு இடம் கிடைக்குமே" என்கிறார்கள். கிடைக்கும். ஆனால் ஆற்றில் தண்ணீர் வரும் என்று நம்பி எந்தக் கடைமடைக்காரரும் குளத்தை மூடிவிடுவதில்லை. கஜாவுக்கு அடுத்த ஆண்டு கைஃபா என்ற உள்ளூர் அமைப்பின் இளைஞர்கள் நம் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வார இறங்கியதை ஊரே பார்த்தது. கோப்பு விஷயத்தில் எனக்கும் அதே புத்திதான். அதற்காகப் பின்கட்டுப் பெட்டியை மட்டும் நம்பிவிட முடியாது. கஜா அடித்தபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் உண்டு. ஓடு பறந்த வீட்டில் யூபிஎஸ் என்ன செய்யும்? அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் தனி வன்தட்டில் திருச்சியில் உறவினர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து புதுப்பித்துக்கொண்டு போகிறது.

சிங்கப்பூர் அன்பருக்கு அவர் தோப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் பல இதழ்கள் நம்மிடமே இல்லை. உங்கள் பரணில் பழைய பிரதியோ குறுந்தகடோ இருந்தால் அனுப்புங்கள், நகலெடுத்துத் திருப்பித் தருகிறோம். அந்தக் காலத்தில் விழா மலர், கல்யாண மலர் என்று அச்சடித்தவர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள்: எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்பது ஞாபகமிருந்தால் உறைமேல் அதையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்