ஒளிந்துகொள்வதா மானம்?

கடன் வாங்குவதற்காக வங்கியின் வாசற்படியைப் பத்து முறை ஏறி இறங்கியவர், தவணை தவறிய பின்னர் அந்தத் தெரு வழியே நடப்பதற்கும் அஞ்சுகிறார். ஆள் வந்து கதவைத் தட்டினால், "வாப்பா ஊரில் இல்லை" என்று சொல்லும்படி பிள்ளைக்குக் கற்பிக்கிறார். ஏன் என்று கேட்டால், "மானத்தோடு வாழ்ந்த குடும்பம் இது" என்கிறார். பெற்ற பிள்ளையைப் பொய்க்குப் பழக்கிய பின்பு அந்த வீட்டில் எஞ்சியிருக்கும் மானந்தான் எது?

கடன்படுவது குற்றமன்று. வியாபாரம் நொடிக்கலாம், நோய் வரலாம், வெளிநாட்டு வேலை பறிபோகலாம். ஆனால், கொடுத்தவர் முகத்தில் விழிக்காமல் மறைந்து திரிவதும், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனை வாங்குவதும், "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் மிச்சப் பணத்தையும் கொடுத்து ஏமாறுவதும் நாமே தேடிக்கொள்ளும் கேடுகள். தவணை தவறிய கடனுக்கு நேர்வழி ஒன்றே: கடன் கொடுத்தவர் முன் தாமே சென்று அமர்ந்து, உள்ளதை உள்ளபடி பேசுவது.

இதற்கு முன்மாதிரியை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. மதீனாப் பள்ளிவாசலில் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள், தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டினுள் இருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியைத் தள்ளிவிடுமாறு கஅபு அவர்களுக்குச் சைகை காட்டினார்கள். அவர்கள் இசைந்ததும், எழுந்து சென்று மீதியைச் செலுத்துமாறு மற்றவரைப் பணித்தார்கள். புகாரீ ஹதீது நூலில் உள்ள நிகழ்ச்சி இது. கொடுத்தவர் விட்டுக்கொடுத்தார், வாங்கியவரோ மீதியை இழுத்தடிக்க இடமளிக்கப்படவில்லை. சமரசம் என்பதன் இலக்கணமே இதுதான். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருமறையின் இரண்டாம் அத்தியாயம். வசதி இருந்தும் தாமதிப்பது அநீதி என்று அண்ணலார் எச்சரித்தார்கள். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை.

நாட்டின் சட்டமும் பேச்சுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்க்கிறது. சொத்தைப் பிணையமாக வைத்த கடனாயின், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பிய பிறகே வங்கி அதைக் கைப்பற்ற முடியும். அதற்கு நாம் எழுத்தில் ஆட்சேபம் தந்தால் 15 நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர்கள் தொலைபேசியில் நச்சரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வலியுறுத்தியது. லோக் அதாலத்தில் கட்டணமின்றிச் சமரசம் செய்துகொள்ளலாம். இத்தனை வாசல்கள் இருந்தும், வந்த கடிதத்தைப் பிரிக்காமலே அலமாரியில் செருகிவைப்பவருக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும்?

பேசப் போகிறவர் வெறுங்கையோடு போகலாகாது. வரவு செலவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். மாதந்தோறும் நிச்சயமாகக் கட்டக்கூடிய தொகையைத்தான் சொல்லவேண்டும். அதிகாரியை மகிழ்விக்கப் பெரிய தொகையை ஒப்புக்கொண்டு, அடுத்த மாதமே தவறினால் மறுமுறை யார் நம்புவார்? தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். அபராதத்தைக் குறைக்கக் கேட்கலாம். ஒரே தொகையாகக் கட்டி முடிப்பதாயின் தள்ளுபடியும் கேட்கலாம். தள்ளுபடி பெற்றால், கடன் முழுதும் அடைபடவில்லை, பேசித் தீர்க்கப்பட்டது என்ற குறிப்பு நம் கடன் வரலாற்றில் நிற்கும். அதையும் அறிந்தே இசையவேண்டும். எதுவாயினும், இசைவுக் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டா. கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் பிறந்த நாம், அதைத் தீர்ப்பதை மட்டும் வாய்ப்பேச்சில் விடலாமா?

"வட்டிக்கு வாங்கியவருக்கு என்ன வக்காலத்து?" என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். வட்டி தீது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமேது? ஆனால், சேற்றில் விழுந்தவரைப் பார்த்து ஏன் விழுந்தாய் என்று ஏசுவதால் அவர் கரையேறிவிட மாட்டார். ஏசுகின்ற செல்வர்களுள், உறவினருக்கு அழகிய கடன் கொடுத்தவர் எத்தனை பேர்? கொடுத்தவருள்ளும், கடன்பட்டவரைக் கல்யாணப் பந்தலில் நாலு பேர் முன்னிலையில் கேட்டு அவமானப்படுத்தாதவர் எத்தனை பேர்? ஒருவர் ஒளிந்துகொள்வதில் அப்படிக் கேட்டவருக்கும் பங்குண்டு.

கடன்பட்டவர் தாமே வரட்டும். கொடுத்தவர் கதவைத் திறக்கட்டும். ஜனாஸாத் தொழுகைக்கு முன் கடனுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று ஊரார் முகத்தை வாரிசுகள் பார்த்து நிற்கும் நிலையைவிட, உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை தலைகுனிந்து பேசி முடிப்பது ஆயிரம் மடங்கு மானமுள்ள செயலாகும்.