மீட்புக்கும் விலைச்சீட்டா?

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களின் மேல் மலை சரிந்தது. ஏறத்தாழ 300 உயிர்கள் போயின. உடல்களும் உடற்பாகங்களும் சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர்ப் பகுதியில் கரையொதுங்கின. அந்த மண்ணின் ஈரம் காய்வதற்குள், ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சகம் கேரள அரசுக்கு அனுப்பியிருந்த ஒரு கடிதம் அவ்வாண்டு டிசம்பரில் வெளியே தெரிந்தது. இரங்கற்கடிதம் அன்று, பில். வயநாட்டு மீட்பையும் அதற்கு முந்தைய வெள்ளக்கால மீட்புகளையும் சேர்த்து, விமானப்படை பறந்த வகையில் 132 கோடியே 62 லட்சம் ரூபாய் செலுத்துக என்றது அது. பழைய கணக்குகளை இந்த நேரம் பார்த்துத் தூசி தட்டி எடுப்பானேன் என்று கேரள உயர்நீதிமன்றமே கேட்க நேர்ந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்போர் உண்டு. விதிப்படி எல்லா மாநிலங்களிடமும் வாங்குவதுதானே, கேரளத்துக்கு மட்டும் என்ன தனிச்சலுகை என்று தொலைக்காட்சி விவாதங்களில் ஒன்றிய ஆளுங்கட்சியினர் கேட்டனர். விதி இருக்கிறது என்பது விடையாகாது. அந்த விதி யாருக்காக என்பதே கேள்வி. ஹெலிகாப்டரை வாங்கிய பணமும் அதில் ஊற்றிய எண்ணெயின் பணமும் மக்கள் வரிப்பணம். அந்த மக்களில் ஒரு பகுதியினர் மண்ணுக்கடியில் கிடக்கும்போது, அவர்களைத் தூக்க வந்த வண்டிக்கு வாடகை கேட்பது கூட்டாட்சியா, வாடகை வண்டி வணிகமா? 2018 வெள்ளத்தின்போது தந்த அரிசிக்கும் 205 கோடி ரூபாய்க்கு மேல் பின்னர் வசூலித்தவர்கள் இவர்கள்.

வயநாட்டுக்கு இவர்கள் தந்ததைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் 529.50 கோடி ரூபாய். அதுவும் உதவியாக அன்று, ஐம்பதாண்டுக் கடனாக. மார்ச் 31க்குள் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஊரையே மீண்டும் கட்டுவதற்கு ஒன்றரை மாதம் அவகாசம்! பேரிடரில் சிக்கியவர்களின் கடனுக்குச் சலுகை அளிக்க வழிசெய்திருந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவையோ, 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஓசையின்றி நீக்கிவிட்டார்கள். வீடும் நிலமும் போனவரிடம் வங்கி தவணை கேட்கலாம். மாநிலத்திடம் விமானப்படை வாடகை கேட்கலாம். கேட்கக்கூடாதவர்கள் மக்கள் மட்டுமே.

உலகில் வேறு வழி இல்லையா? ஐரோப்பாவின் தத்ரா மலைத்தொடரைப் போலந்தும் ஸ்லோவாக்கியாவும் பகிர்ந்துகொள்கின்றன. போலந்துப் பக்கத்தில் 1909இல் தொடங்கிய தன்னார்வ மீட்புப் படை இன்றும் இயங்குகிறது. அரசு நிதி பெறுகிறது. மீட்கப்பட்டவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதே மலையின் மறுபக்கத்தில், ஸ்லோவாக்கியாவில், காப்பீடு இல்லாதவர் கையில் பில் திணிக்கப்படுகிறது. மலை ஒன்று, பனி ஒன்று, வழுக்கும் பாறையும் ஒன்று. வேறுபடுவது கொள்கை மட்டுமே.

இனி, சூரல்மலைக்கு முதலில் வந்து சேர்ந்தவர்கள் யார்? பாலம் அடித்துச் செல்லப்பட்டதும் முண்டக்கை தனித்தீவானது. இருட்டில் கயிறு கட்டியவர்களும் சேற்றிலிருந்து குழந்தைகளை இழுத்தெடுத்தவர்களும் பக்கத்து ஊர்த் தொழிலாளர்கள், ஜீப் ஓட்டுநர்கள், இளைஞர் அமைப்புகளின் தோழர்கள். நீலகிரியின் கூடலூரிலிருந்து விரைந்து சென்ற செவிலியர் சபீனா, ஆற்றின் மேல் கட்டிய கயிற்றில் தொங்கியபடி அக்கரைக்குப் போய், காயம்பட்ட முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு முதலுதவி செய்தார். தமிழ்நாடு அரசு அவருக்கு அவ்வாண்டு விடுதலை நாளில் கல்பனா சாவ்லா விருது அளித்தது. சாலியாற்றில் மிதந்து வந்த உடல்களைக் கரைசேர்த்தவர்களும் அந்தக் காட்டோரத்து மக்களே. இராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படையினர் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை இரவுபகலாக உழைத்து ஆகஸ்ட் 1 அன்று முடித்தார்கள். அந்தச் சிப்பாய்க்கும் நமக்கும் எந்த வழக்கும் இல்லை. சிப்பாய் உழவனின் பிள்ளை. பில் எழுதியது தில்லியின் மேசை.

ஆனால் இந்த வீரத்தைப் பாடுவதோடு நின்றுவிடும் முதலாளித்துவ ஏடுகளின் சூழ்ச்சியை நாம் கவனிக்க வேண்டும். தன்னார்வலரின் படத்தை முதற்பக்கத்தில் போடுவார்கள். அவர் ஏன் தனியாக அங்கே நிற்க நேர்ந்தது என்று உள்பக்கத்திலும் எழுத மாட்டார்கள். சூச்சிப்பாறைப் பகுதியில் உடல் தேடப்போன தன்னார்வலர்கள் சிலரே சிக்கிக்கொண்டு, அவர்களை வேறு சிலர் போய் மீட்க வேண்டியதாயிற்று. மனம் மட்டும் இருந்தால் போதாது. கயிறு, தலைக்கவசம், வயர்லெஸ், நிலமறிந்த வழிகாட்டி, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஒரு தலைமை, இத்தனையும் வேண்டும். இவை நன்கொடையால் வருபவை அல்ல, பட்ஜெட்டால் வருபவை.

யாருமே வராத இரவும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை இறங்கியது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்; பலருடைய வேர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் இயங்கவில்லை. ஆகவே செய்தி வெளியுலகுக்கு வந்ததே மறுநாள் காலையில்தான். பெரியவரையில் தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டதால் மீட்பு வண்டிகளும் தாமதமாயின. மண்ணுக்கடியில் அந்த இரவு முழுதும் உயிரோடு இருந்தவர் எத்தனை பேரோ! தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய குடும்பங்களுக்கு அங்கே ஓர் அவசரத் தொலைபேசி இணைப்பும் இல்லை. நூறாண்டு லாபம் ஈட்டிய தோட்டத்தில் ஒரு அபாயச் சங்கு வைக்க இடமில்லாமலா போயிற்று? லயம் எங்கே கட்டப்பட வேண்டும் என்பதை வெள்ளைக்காரத் துரை தீர்மானித்தான். தேயிலைக்கு உதவாத பள்ளத்தில், ஓடைக்கரையில் கட்டினான். துரை போனபின்பும் லயம் அங்கேயே இருந்தது.

மலை என்றாலே மூணாறும் வயநாடும்தான் என்று நினைக்க வேண்டா. இவ்வரிகள் எழுதப்படும் தம்பானூரில் மீட்பு என்ற சொல்லின் பொருளை மக்கள் வயநாட்டுக்குப் பதினேழு நாட்களுக்கு முன்பே கற்றார்கள். 2024 ஜூலை 13 அன்று ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறக்கப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி, திடீரெனப் பெருகிய நீரில் ரயில் நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டார். தீயணைப்பு மீட்புப் படையின் முக்குளிப்பு வீரர்கள் கழிவு நீரில், கை நீட்டினால் கை தெரியாத இருட்டில், குப்பையை விலக்கி விலக்கித் தேடினார்கள். பின்னர் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் வந்தன. மூன்றாம் நாள் காலையில் தகரப்பறம்பு அருகே உடல்தான் கிடைத்தது. அதற்குள் ரயில்வேயும் மாநகராட்சியும், குப்பை யாருடையது, சுரங்கம் யாருடையது என்று மாறி மாறி அறிக்கை விட்டன. மேலே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் ரயிலேறும் நடைமேடை. கீழே ஒரு தொழிலாளியின் உயிர் யார் கணக்கில் என்ற வழக்கு. சரிவு மலையில் நேர்ந்தாலும் சாக்கடையில் நேர்ந்தாலும் முதலில் இறங்குபவன் தொழிலாளி, முதலில் கைவிடப்படுபவனும் அவனே.

"நீ ஏன் மலைக்குப் போனாய்?" என்பது இன்னொரு வகைக் கைவிடல். 2022 பிப்ரவரியில் மலம்புழை அருகே பாறை இடுக்கில் இரண்டு நாள் சிக்கிக் கிடந்த இளைஞரை வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இராணுவ மலையேற்ற வீரர்கள் மீட்டார்கள். உயிர் பிழைத்த மகிழ்ச்சி அடங்குமுன், அந்த மீட்புக்கு எத்தனை லட்சம் செலவானது என்று ஏடுகள் கூட்டிப் பெருக்கத் தொடங்கின. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக நீண்டு கிடக்கும் ஒரு மாநிலத்தில், செங்குத்துப் பாறையில் கயிறு போட்டு இறங்கத் தெரிந்த ஒரு நிரந்தரக் குழு பாலக்காட்டில் ஏன் இல்லை?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தனர். அன்று மாலை தீக்குள் ஓடியவர்கள் குரங்கணி ஊராரும் பழங்குடி மக்களும். போர்வையில் தூளி கட்டி, வெந்த உடம்புகளைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். அதற்குப்பின் தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. விதி வேண்டியதுதான். ஆனால் அந்த ஊராருக்குத் தீக்காய முதலுதவிப் பயிற்சியும் தூக்குப்படுக்கையும் வந்து சேர்ந்தனவா என்பதை விதிப்புத்தகத்தில் தேடிப் பயனில்லை.

மலையேறுவது பணக்காரர் பொழுதுபோக்கு, அதைப்பற்றி நமக்கென்ன என்று சில தோழர்கள் கருதக்கூடும். 1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில், பிரபுக்களின் வேட்டைக்கென வேலியிட்ட மலையில், மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அத்துமீறி ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன் என்ற இளம் கம்யூனிஸ்ட். ஐவர் சிறை சென்றனர். ஆறு நாள் ஆலையில் வெந்தவனுக்கு ஏழாம் நாள் மலைக்காற்றுக்கு உரிமை உண்டு என்பது வர்க்கக் கோரிக்கையாகவே எழுந்தது. அந்த நாட்டில் மலை மீட்பு இன்றும் தன்னார்வலர் கையில்தான். மீட்கப்பட்டவர் காசு தருவதில்லை. அவர்களும் உண்டியல் குலுக்கித்தான் கயிறு வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது நமக்கு முன்மாதிரி ஆகாது.

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் முதுகுப்பையோடு நிற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம் ஏற, போனக்காடு போகிறவர்கள். அவர்களுக்கு வழிகாட்டிகளாக நடப்பவர்கள் காணிப் பழங்குடியினர். எந்த ஓடை எப்போது பெருகும், யானைத்தடம் எது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. கால் முறிந்தவரைச் சுமந்து இறக்க வேண்டியவர்களும் அவர்களே. அதே போனக்காட்டில், வேலை நின்றுபோன தேயிலைத் தோட்டத்தின் இடியும் லயங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கூலிப்பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் காத்துக் காத்து முதுமையடைந்தன. மலையேறப் போகிறவரின் பாதுகாப்பும் மலையில் வாழ்கிறவரின் பாதுகாப்பும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன. சுற்றுலாத் துறைக்கு முன்னது மட்டும் கண்ணில் படுகிறது.

கேரளத்தில் தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது பேர் வீதம், 124 நிலையங்களுக்கு 6,200 பேர் என்று குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வப் படை அமைக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஒன்றிய அரசின் ஆப்த மித்ரா திட்டம் நாடெங்கும் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி என்றது. பன்னிரண்டு நாள் எவனுக்கு முடியும்? மாதச் சம்பளக்காரனுக்கு விடுப்பு உண்டு. கொழுந்து பறிப்பவளுக்கும் சுமைதூக்குபவனுக்கும் பன்னிரண்டு நாள் கூலி போனால் அடுப்பு அணையும். ஆகவே பயிற்சி நாளுக்கும் மீட்பு நாளுக்கும் முழுக்கூலி, வேலைக்கு உத்தரவாதம், உயிருக்கும் உறுப்புக்கும் காலவரம்பற்ற காப்பீடு ஆகியவற்றைக் கோர வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் நிர்வாகச் செலவில் மீட்புக் கருவிகளும் இரவில் இயங்கும் தொடர்பு வசதியும் சட்டக் கடமையாக வேண்டும். காணிகளுக்கும் முதுவர்களுக்கும் பருவகால நாட்கூலி அன்று, தீயணைப்பு மீட்புத் துறையில் நிரந்தரப் பணியிடம்.

இப்படிக் கோரும்போது, நம் கிளைகளுக்குள் எழும் ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மீட்பு வேலையில் நம் இளைஞர்களை இறக்குவது தொண்டு நிறுவன வேலை அல்லவா, அரசின் கடமையை நாமே இலவசமாகச் செய்துகொடுத்து அதன் பொறுப்பை மறைக்கிறோம் அல்லவா என்பது அது. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மண்ணுக்கடியில் குரல் கேட்கும்போது கோரிக்கை மனு எழுதிக்கொண்டிருக்க எந்தக் கம்யூனிஸ்டாலும் முடியாது. இறங்கியவனுக்கே பின்னர் வாய் திறந்து கணக்குக் கேட்கும் தகுதி வருகிறது. பெட்டிமுடியில் தோண்டிய கைகள், லயத்தை இடம் மாற்று என்று தோட்ட அலுவலகத்தின் முன் உயர்ந்தால் அதற்கு விடை சொல்லாமல் எவனும் போக முடியாது. தோண்டுவதோடு நின்றுவிட்டால்தான் அது தொண்டு.

மீட்பை விடச் சிறந்த மீட்பு, சரிவுக்கு முன் ஊரைக் காலி செய்வது. வயநாட்டுச் சரிவு நடந்த மறுநாள் உள்துறை அமைச்சர் அமித் ஷா மாநிலங்களவையில் எழுந்து, ஜூலை 23 முதலே எச்சரித்தோம், கேரளம் கேட்கவில்லை என்றார். இந்திய வானிலைத் துறை அந்தப் பகுதிக்குத் தந்திருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை. சிவப்பு எச்சரிக்கை வந்தது சரிவுக்குப்பின், 30ஆம் தேதி காலை ஆறு மணிக்கு. நாடாளுமன்றத்தில் செத்தவர்மீது பழி சுமத்தப்பட்ட அதே வாரத்தில் வேறொரு செய்தி வெளிவந்தது. கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம், மாவட்டமெங்கும் உழவர்களும் ஊரார்களும் தம் வீட்டு முற்றத்தில் வைத்திருக்கும் ஏறத்தாழ இருநூறு மழைமானிகளின் அளவைத் தொகுத்து, முண்டக்கைப் பகுதி ஆபத்தில் இருக்கிறது என்று முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்திருந்தது. புத்துமலையில் அன்று 24 மணி நேரத்தில் பெய்தது 372 மில்லிமீட்டர். கோடிக்கணக்கில் செலவிட்ட துறைகளைவிட, முற்றத்தில் இருந்த மழைமானி சரியாகப் பேசியது. அதைக் கேட்டு இரவோடிரவாக ஊர் முழுவதையும் யாரும் காலி செய்யவில்லை.

ஆகவே மூணாறு, வால்பாறை, நீலகிரி, போனக்காடு, பொன்முடிப் பகுதித் தோழர்கள் பருவமழைக்கு முன் செய்ய வேண்டியது தெளிவு. லயத்துக்கு ஒரு மழைமானி. விலை சில நூறு ரூபாய். அளவை நாள்தோறும் குறிக்கும் ஒரு நோட்டு. அளவு மிகுந்தால் எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்துக்கு நகர்வது, முதியவர்களை யார் சுமப்பது என்பதைச் சங்கக் கூட்டத்திலேயே முடிவு செய்தல். ஓடை திடீரெனக் கலங்கினாலோ, பெருமழையிலும் நீர் வரத்து நின்றாலோ, சுவரும் தரையும் வெடித்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, மேற்பார்வையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் வெளியேறுதல். அந்த நாளின் கூலியைப் பிடித்தால் மறுநாள் வேலைநிறுத்தம். மழை அளவு நோட்டின் படியை ஒவ்வொரு வாரமும் வருவாய் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்தல். எச்சரிக்கை வரவில்லை என்று அடுத்த முறை எவரும் அவையில் எழுந்து சொல்லும்போது, அந்த முத்திரைகளை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.