கட்டடம் ரெடி! கம்பெனி எங்கே?

நெல்லைக்கு வடக்கே, மதுரை ரோட்டில் உள்ளது கங்கைகொண்டான். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்காக இங்கே 500 ஏக்கர் ஒதுக்கியது, அரசின் எல்காட் நிறுவனம். கட்டடமும் எழும்பியது. ஆனால், பல ஆண்டுகள் பெரும் பகுதி காலியாகவே கிடந்தது! படித்த பிள்ளைகளோ சென்னைக்கு ரயில் ஏறினார்கள்.

நிலம் இருந்தது, மின்சாரம் இருந்தது. என்ன குறை?

பழக்கம்தான்!

வேலை காலி என்ற செய்தி ஆள் மூலம் பரவுகிறது. சென்னையில் அண்ணன் இருந்தால் தம்பிக்குச் சொல்வான். தெரிந்தவர் சொன்னால் முதலாளிக்கும் நம்பிக்கை. அந்தத் தொடர்பு இங்கே குறைவு.

தென்காசிக்கு 2011-ல் வந்த ஜோஹோ கம்பெனி வேறு வழி பிடித்தது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித் தொகை கொடுத்து, தொழில் கற்பித்து, வேலையும் தருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் சம்பளம் வாங்கினால், அடுத்த வீட்டுத் தாய் தன் மகளையும் துணிந்து அனுப்புவாள்.